வீட்டிலேயே வேலை, வீட்டிலேயே படிப்பு: ரெண்டையும் சமாளிப்பது எப்படி?

காலை 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் ஆபீஸ். மாலை 6 மணிக்கு மேல் அதே மேசையில் டிஎன்பிஎஸ்சி புத்தகம். நடுவில் குக்கர் விசில், கூரியர்காரர், "கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வாயேன்" என்கிற குரல். நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்த மாதிரி இருக்கும். ஆனால், ராத்திரி படுக்கும்போது யோசித்தால் வேலையும் பாதி, படிப்பும் பாதி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பலருக்கும் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' புதுசு. இன்று வாரத்தில் சில நாட்களாவது வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் நிறைய பேர். அவர்களில் பலர் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறார்கள். சிலர் இக்னோவிலோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறார்கள். இன்னும் சிலர் சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் படிப்பில் வாராவாரம் அசைன்மென்ட் முடிக்கிறார்கள். இவர்களுக்கு வேலையையும் விட முடியாது, தேர்வையும் தள்ளிப்போட முடியாது. என்னதான் செய்வது?

வீட்டில் மட்டும் நேரம் ஏன் ஓடிப்போகிறது?

ஆபீஸ் போகும்போது பஸ் பயணம், பஞ்சிங், லஞ்ச் எல்லாம் சேர்ந்து நாளைத் தானாகவே பிரித்துக் கொடுத்துவிடும். வீட்டில் அந்தக் கோடுகள் எதுவும் கிடையாது. மீட்டிங் நடக்கும்போது பாடம் ஞாபகம் வரும். பாடம் படிக்கும்போது மேனேஜருக்குப் போட வேண்டிய மெயில் ஞாபகம் வரும்.

ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால், நம் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மிச்சம் இருக்கும் கவனத்தை வைத்துத்தான் அடுத்த வேலையைச் செய்கிறோம். அதனால் அது மெதுவாகவும் தவறுகளோடும் நடக்கிறது.

அதாவது, பெரும்பாலும் பிரச்னை சோம்பேறித்தனம் இல்லை. வேலைக்கும் படிப்புக்கும் நடுவில் கோடு இல்லாததுதான். அந்தக் கோட்டை நாமே போட வேண்டும்.

கோடு போடுவது எப்படி?

வேலையை முடிக்கும்போது இரண்டு வரி எழுதி வையுங்கள். 'எங்கே நிறுத்தினேன், நாளைக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்' என்று எழுதினால் போதும். இப்படி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் கவனம் பழையதில் ஒட்டுவது குறைகிறது என்று லெராய் 2018-இல் இன்னொரு ஆய்வில் காட்டியிருக்கிறார்.

பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு 10 நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். ஆபீஸிலிருந்து வீடு திரும்பும் பயணத்துக்கு இது மாற்று. தனி அறை எல்லோருக்கும் இருக்காது, இருக்க வேண்டும் என்றும் இல்லை. வேலைக்கு மேசை என்றால் படிப்புக்கு மொட்டை மாடி, திண்ணை, பக்கத்து நூலகம் என்று இடத்தை மாற்றலாம். ஒரே மேசைதான் என்றால் நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டு உட்காருவதுகூட உதவும்.

உண்மையில் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது?

'தினமும் 6 மணி நேரம் படிக்கிறேன்' என்று சுவரில் எழுதி ஒட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். 24 மணி நேரத்தில் வேலைக்கு 9, தூக்கத்துக்கு 7 போனால் மிச்சம் 8. சாப்பாடு, குளியல், வீட்டு வேலை, குடும்பம் என்று 5 மணி நேரம் போய்விடும். கையில் நிற்பது 3. அதிலும் நிஜமாகப் படிக்க முடிவது 2.

ரெண்டு மணி நேரம்தானா என்று தோன்றும். வாரத்தில் 6 நாளைக்கு 12 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை 4 மணி நேரம். வாரத்துக்கு 16. ஆறு மாதத்துக்கு, அதாவது 26 வாரத்துக்கு, 416 மணி நேரம். இது சின்னக் கணக்கு இல்லை. 6 மணி நேரத் திட்டம் போட்டு நாலாவது நாள் கைவிடுவதைவிட இது மேல்.

எந்த நேரத்தில் எதைப் படிப்பது?

எல்லா நேரமும் மூளை ஒரே மாதிரி இருக்காது. அதனால் பாடத்தையும் அதற்கேற்ப பிரிக்க வேண்டும்.

குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். 3 மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழ்ப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

கணக்கு, புதுப் பாடம் போன்றவற்றை மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். பலருக்கு அது வேலை தொடங்குவதற்கு முந்தைய காலை நேரம். தமிழ் இலக்கணம், நூல் ஆசிரியர் பெயர்கள், ஆண்டுகள் போன்றவற்றைத் திரும்பப் பார்ப்பதை மாலையில் வைக்கலாம். களைப்பாக இருந்தாலும் இதை ஓட்டிவிட முடியும்.

உட்கார்ந்தால் கவனம் நிற்கவில்லையா?

அதற்கு எளிமையான வழி, 25 நிமிட டைமர். 1980-களின் கடைசியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த ஃபிரான்செஸ்கோ சிரில்லோ கண்டுபிடித்த முறை இது. தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை அவர் பயன்படுத்தியதால், தக்காளிக்கான இத்தாலியச் சொல்லான 'பொமடோரோ' என்பதே இதன் பெயரானது.

25 நிமிடம் ஒரே பாடம், பிறகு 5 நிமிடம் பிரேக். இப்படி நாலு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை ஓய்வு. நடுவில் வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் பக்கத்தில் ஒரு பேப்பரில் குறித்துவிட்டுப் படிப்பைத் தொடர வேண்டும். பிரேக்கில் போனைத் தொட வேண்டாம். 5 நிமிடம் ரீல்ஸ் என்று ஆரம்பித்தால் அது அரை மணி நேரத்தில்தான் முடியும். தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள், தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். பகல் முழுக்க ஸ்கிரீன் பார்த்த கண்ணுக்கும் அது ஓய்வு. படிக்கும்போது போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். டைமருக்குச் சாதாரண கடிகாரம் போதும்.

படித்தது மறந்துபோகிறதே?

மறப்பது இயல்பு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் இதை எழுதினார். படித்ததில் பெரும்பங்கு முதல் ஒரு நாளுக்குள்ளேயே மறந்துவிடுகிறது, அதன் பிறகு மறக்கும் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. அதனால் இன்று படித்ததை நாளைக்கு ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதும் முக்கியம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு 5 நிமிடம் கழித்து நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இது பெரிய லாபம். மூன்றாவது முறை வாசிப்பதற்குப் பதில் பழைய வினாத்தாளில் 20 கேள்வி போட்டுப் பாருங்கள்.

"வீட்லதானே இருக்க?"

எல்லாத் திட்டத்தையும் கலைக்கும் கேள்வி இதுதான். பெண்களுக்கு இது இன்னும் கடினம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். படிக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ மனைவிக்கோ டைமர் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் கையில் இருக்கும் வேலையில் கொஞ்சத்தை மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இதைச் சண்டையாக இல்லாமல் முன்கூட்டியே பேசி வையுங்கள். "என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "ஏழரையிலிருந்து எட்டரை வரைக்கும் படிக்கிறேன்மா, அதுக்கப்புறம் கடைக்குப் போறேன்" என்று நேரத்தோடு சொன்னால் புரியும். சொன்னபடி எட்டரைக்கு எழுந்து கடைக்குப் போனால், அடுத்த நாள் அந்த ஒரு மணி நேரத்தை வீட்டார் மதிப்பார்கள்.

ஆபீஸ் நேரத்தில் படிக்கலாமா?

வேண்டாம். மீட்டிங் ஓடும்போது பாடம் கேட்டால் ரெண்டுமே மனதில் நிற்காது. ஆபீஸ் லேப்டாப்பில் என்ன செய்கிறோம் என்பதை நிறுவனம் கண்காணிக்கவும் வாய்ப்பு உண்டு. படிப்புக்குச் சொந்த போனையோ, புத்தகத்தையோ பயன்படுத்துங்கள். தேர்வு நாளுக்கும் அதற்கு முந்தைய நாளுக்கும் லீவை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

தூக்கத்தைக் குறைத்தால் என்ன?

பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால், படித்தது மூளையில் பதிவதற்குத் தூக்கம் வேண்டும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்த கையோடு படிக்க உட்கார வேண்டாம். தூங்கி எழுந்த பிறகு படியுங்கள். உங்களுக்கு அதுதான் காலை.

ஒரு நாள் இப்படி இருக்கலாம்

* காலை 5.30: எழுவது
* 6 முதல் 7 வரை: கணக்கு அல்லது புதுப் பாடம், ரெண்டு டைமர் சுற்று
* 7 முதல் 9 வரை: வீட்டு வேலை, குளியல், டிபன்
* 9 முதல் 6 வரை: ஆபீஸ் வேலை, கடைசியில் இரண்டு வரிக் குறிப்பு
* மாலை 6 முதல் 7.30 வரை: நடை, டீ, குடும்பம்
* 7.30 முதல் 8.30 வரை: நேற்றைய பாடத்தில் கேள்வி போட்டுப் பார்ப்பது
* 8.30 முதல் 10.30 வரை: கடை, சாப்பாடு, பேச்சு, பிறகு தூக்கம்

இது அப்படியே எல்லோருக்கும் பொருந்தாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காலை 6 மணி நம் கையில் இருக்காது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்குப் பதில் 25 நிமிடம் ஒரே ஒரு சுற்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் சேர்த்துப் படிக்க முயலாமல், வழக்கமான நேரத்தில் திரும்ப உட்காருங்கள்.

எல்லாவற்றையும் நாளைக்கே ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை. இன்று மாலை லேப்டாப்பை மூடுவதற்கு முன் அந்த இரண்டு வரியை மட்டும் எழுதிப் பாருங்கள்.