மண்ணெண்ணெய் ஓட்டம்

மண்ணெண்ணெய் ஓட்டம் என்பது பெற்றோல் இயந்திரத்தைச் சிறிதளவு பெற்றோலால் இயக்கிச் சூடேற்றி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிடும் முறை. இலங்கையில் 1990 யூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிட்டாத வன்னியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பரவியது. மோட்டார் சைக்கிள்கள், பழைய மொறிஸ் மைனர் கார்கள், நீரிறைக்கும் இயந்திரங்கள் இவ்வாறு ஓடின.

மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ 38° செல்சியசுக்கு மேல். பெற்றோலுக்கோ −40° அளவில். ஆகவே குளிர்ந்த சிலிண்டரில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது; பொறி பட்டும் கலவை எரியாது. காபரேற்றரின் காற்றுவழியில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் செய்வர். சூடு ஏறியபின் மண்ணெண்ணெயே போதும். ஏறுமுன் மாற்றினால் இயந்திரம் நின்றுவிடும்.

ஒக்டேன் எண் குறைவாதலால் சுமை ஏற்றும்போது இயந்திரம் தட்டும். அமுக்கவிகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே இதை ஓரளவு தாங்கின. வெண்புகையும் பிளக்கில் படியும் கரியும் கண்ணுக்குத் தெரிந்த தொல்லைகள். அவற்றினும் பெரிய கேடு உள்ளே நிகழ்வது: எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து இறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்ய, சிலிண்டர் சுவரும் தாங்கிகளும் விரைவில் தேயும்.

2002 போர்நிறுத்தத்தை ஒட்டித் தடை தளர்ந்தது. 2006 ஆகஸ்டில் வன்னியூடாகச் செல்லும் ஏ-9 வீதி மூடப்பட, வன்னியில் எரிபொருள் மறுபடி அரிதானது.