பச்சை கார்டா, வெள்ளை கார்டா?

இன்று கணினியில் பட்டியல் தயாரிக்கும் எவரும் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்து விடுகிறார்கள். இது கணினி கொண்டு வந்த வழக்கம் அல்ல. சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்து ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் குடும்பத்துக்குப் பச்சை அட்டை. அரிசி வேண்டாம், அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை போதும் என்பவர்களுக்கு வெள்ளை அட்டை. காவல்துறையினருக்குக் காக்கி அட்டை! கடைக்காரர் பெயரைப் படிக்கும் முன்பே யாருக்கு என்ன பொருள் என்று தெரிந்து விடும். ஆயிரம் அட்டைகள் உள்ள கடையில் இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிறத்துக்கென்று தனி அர்த்தம் எதுவும் இல்லை என்பதற்குப் பக்கத்து மாநிலங்களே சாட்சி. ஆந்திராவில் முன்பு வெள்ளை அட்டை ஏழைகளுக்கு, மற்றவர்களுக்கு ரோஜா நிறம் என்று இருந்தது. கேரளத்தில் 2017 முதல் மிக வறியவர்களுக்கு மஞ்சள், முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ரோஜா, அடுத்து நீலம், வசதியானவர்களுக்கு வெள்ளை. ஒரே வெள்ளை, இரண்டு ஊரில் நேர் எதிர்ப் பொருள்!

1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து மக்களைப் பிரித்தபோதும் தமிழ்நாடு அனைவருக்கும் ரேஷன் என்பதையே தொடர்ந்தது. எனவே இங்கே பச்சையா வெள்ளையா என்பது ஏழை பணக்காரர் பிரிவு அல்ல, குடும்பமே தேர்ந்தெடுத்தது. 2000-களின் தொடக்கத்தில் மாத வருமானம் 5000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தினார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. நிறத்தை ஏற்றுக்கொண்ட மக்கள் முத்திரையை ஏற்கவில்லை. நிறம் நாமே கேட்டது, முத்திரை பிறர் நம்மேல் குத்தியது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2005-ல் கொடுத்த அட்டைகள் 2009-க்குப் பிறகும் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன. அட்டை கிழிந்தாலும் நிறம் மட்டும் தெரிந்தது! 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தது. நிறத்தின் வேலையை பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்ற எழுத்துகள் எடுத்துக்கொண்டன. சர்க்கரைக் குடும்பத்துக்குக் கடைசியில் ஓர் 'எஸ்'. கடையில் இருக்கும் கருவி அதைப் படித்துக்கொள்ளும், வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தெரியாது.

ஆனால் என்றோ செய்த தேர்வு கூடவே வந்தது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசமானது. பொங்கல் பரிசுப் பணம் அரிசி அட்டைக்கே என்றானதும் சர்க்கரை அட்டைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 2019 நவம்பரில் அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்பு கொடுத்தது. சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் கொடுத்த 1000 ரூபாய் நிவாரணமும் அரிசி அட்டைகளுக்குத்தான். அதற்குள் விண்ணப்பித்து மாறியவர்கள் வாங்கினார்கள், மாறாதவர்கள் வாங்கவில்லை.

அட்டையில் நிறம் போனாலும் எங்கள் பக்கம் பெரியவர்கள் இன்னும் "பச்சை கார்டா, வெள்ளை கார்டா?" என்றுதான் கேட்கிறார்கள்.