விரலும் மணலும்

1789-ல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். அரிச்சுவடி வகுப்பு நகராமல் கிடந்தது. உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதை அவர் பார்த்தார். அதையே தம் விடுதியிலும் செய்யச் சொன்னபோது உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். அவன் கற்றுக்கொடுத்துக் காட்டிவிட்டான். 1797-ல் பெல் இதை லண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். கல்வி வரலாறு எழுதியவர்கள் இந்தக் கதையில் ஃபிரிஸ்கனையே, அதாவது நம் சட்டாம்பிள்ளை முறையையே, பெரிதாகப் பேசினார்கள். ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அரசுகளுக்கும் தருமசபைகளுக்கும் பிடித்துப்போனது. மணல், செலவைக் குறைக்கும் ஒரு வழியாக மட்டுமே குறிப்பில் இடம்பெற்றது. அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது மணல்தான் என்பது என் எண்ணம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சலித்த ஆற்றுமணலைத் தரையில் பரப்புவார்கள். வாத்தியார் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ இழுப்பார். விரல் போகும் வழியில் மணல் இருபுறமும் ஒதுங்கிச் சின்னக் கரை கட்டும். வாத்தியார் கையை எடுத்ததும் பிள்ளை அதே பள்ளத்தில் விரலை ஓட்டும். இப்போது வழிகாட்டுவது அந்தப் பள்ளம்தான். வழி தவறினால் கரை உடைவதை விரலே உணர்ந்துவிடும். வாய் எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். எழுத்து பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குப் பெரியதாக இருப்பதால் விரல் நுனியோடு மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து அசையும். பிசகிவிட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், பிழை இருந்த சுவடே இருக்காது. கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தைச் சந்திப்பது இப்படித்தான். இன்று மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக ரவையும் உப்பும் தட்டில் பரப்பி வீடுகளில் செய்யும் விளையாட்டிலும் நடப்பது இதுவேதான்.

மணல் என்பது ஏழை நாட்டின் காகிதம், வேறு வழியில்லாததால் அதில் எழுதினார்கள் என்று மறுப்பவர்கள் உண்டு. பெல்லின் விடுதிக்கு அது ஓரளவு பொருந்தலாம். திண்ணைப் பள்ளிக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் மலிவான எழுதுபொருள் பனையோலை. ஊர் எல்லையிலேயே பனை நின்றது. மலிவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் முதல் நாளே பிள்ளையின் கையில் ஓலையைக் கொடுத்திருப்பார்கள். கொடுக்கவில்லை. ஏனென்றால் ஓலையில் எழுதுவது கடினம். இடக்கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தாணியை இடக்கைக் கட்டைவிரலால் தாங்கித் தள்ளி, ஓலை கிழியாமல் கீற வேண்டும். பிறகு கரியையும் இலைச்சாற்றையும் தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். கீறியதை அழிக்கவும் முடியாது. ஐந்து வயதுக் கைக்கு அந்த வலுவும் இல்லை, அந்த நிதானமும் இல்லை. ஆக, மணல் முதலில், ஓலை பிறகு என்ற வரிசை பிள்ளையின் கையை அளந்து பார்த்து ஏற்பட்ட வரிசை. பணத்தை எண்ணிப் பார்த்து ஏற்பட்டதல்ல.

பெல்லுக்கு 160 ஆண்டுகளுக்கும் முன்பே, பிள்ளைகள் மணலில் எழுதுவதை இன்னொருவர் பார்த்திருக்கிறார். பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1623-ல் கர்நாடகத்து இக்கேரியில் கோயில் முகப்பொன்றில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்ததை எழுதிவைத்திருக்கிறார். தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் எழுதிக்கொண்டே பாடத்தை ராகம்போட்டுப் பாடினார்களாம். இடம் நிறைந்ததும் புதிதாக மணலைத் தூவிக்கொண்டார்கள். அருகில் வாத்தியாரே இல்லை. யாராவது ஒருவர் மறந்தாலும் நால்வரும் சேர்ந்து மறக்க மாட்டார்கள் என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். அங்கே பிரம்பும் இல்லை என்பதைச் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

பிரம்பைச் சொன்னதும் அடுத்த மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. திண்ணைப் பள்ளி பொற்காலம் அல்ல. கோதண்டம் போட்டுத் தொங்கவிடும் தண்டனைகள் அங்கே உண்டு. பொருள் தெரியாமல் உருப்போட்டதும் உண்டு. சாதியின் பேரால் பெருவாரியான பிள்ளைகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். ஆளுநர் தாமஸ் மன்றோ திரட்டிய கணக்கின்படி 1820-களில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் படித்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். இவற்றில் எதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் குற்றங்கள் எதற்கும் மணல் காரணமல்ல. பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகளின் விரல் வீட்டிலேயே வேறு வகையில் படித்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோலமாவை இரு விரலிடையே பிடித்துச் சீராக விடுவதும், புள்ளியை எண்ணி வைத்து இழையை முதல் புள்ளிக்கே கொண்டுவந்து சேர்ப்பதும் கைப்பழக்கமும் கணக்கும் கலந்த பாடம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுப் போகும் பிள்ளை எண்ணிக்கையை விரலால் அறிகிறது. குழியில் நான்கு சேர்ந்து ‘பசு’ ஆனதும் எண்ணாமலேயே கை அதை அள்ளிவிடுகிறது. இதற்கு யாரும் கல்வி என்று பெயர் வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் கையில் ஓலை கொடுக்கப்படாததற்கு இது ஈடும் ஆகாது.

மரியா மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகளைப் பார்ப்பவர்கள் இது நம்மிடமிருந்து போனது என்று பெருமைப்படுவதுண்டு. அது தவறு. அவர் ரோம் நகரின் சான் லொரென்ஸோவில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907-ல். பிரெஞ்சு மருத்துவர்களான இதார், செகன் இருவரின் வழியில்தான் தொடுகைக் கல்விக்கு வந்தார். சென்னைக்கு அவர் வந்தது 1939-ல். அடையாறில் பிரம்மஞான சபையின் அழைப்பில் பயிற்சி நடத்தினார். போர் மூண்டுவிட்டதால் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்து 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அட்டையில் ஒட்டிய சொரசொரப்பான எழுத்தை இரு விரலால் தடவியபடி ஒலியைச் சொல்வது அவர் வகுத்த வழி. ஒன்றையொன்று அறியாத இரண்டு மரபுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கடன் வாங்கியிருந்தால் அது பழக்கத்தின் பரவல் என்று சொல்லிவிடலாம். தனித்தனியாகக் கண்டடைந்ததால், பிள்ளையின் கை எங்கேயும் இப்படித்தான் கற்கிறது என்பதற்கு அது இன்னும் வலுவான சான்று.

இங்கே மணல் எப்படிப் போனது? சிலேட்டும் பலப்பமும் வந்தன, அச்சுப் புத்தகம் வந்தது, பிறகு நோட்டும் பென்சிலும் வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட வசதியானது. ஆனால் ஒவ்வொரு படியிலும் எழுத்து சிறுத்தது, விரலுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு குச்சி நுழைந்தது. மூன்றரை வயதில் நான்கு கோட்டுக்குள் எழுத வைப்பது, எழுத்தாணியை முதல் நாளே கையில் திணிப்பதற்குச் சமம். அந்தத் தவறை ஓலைக்காலத்து வாத்தியார்கள் செய்யவில்லை. பழைய வழியில் இன்று மிஞ்சியிருப்பது விஜயதசமி ஒன்றுதான். கூத்தனூர் சரஸ்வதி கோயிலிலும், ஏடு தொடக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார்கள். அரிசி சரசரக்கிறது, பள்ளம் விழுகிறது, பிள்ளை இன்னொரு முறை கையை நீட்டுகிறது. அதற்குள் தட்டை எடுத்துவிடுகிறார்கள். திண்ணையில் அந்த விரலுக்குக் கிடைத்தது பல மாதம்.