மருந்தும் மரக்கறியும்: பத்தியச் சமையலின் வரலாறு

ஆயுர்வேத உணவு என்றால் அது சைவ உணவாகவே இருக்கும் என்ற எண்ணம் இன்று தமிழ்நாட்டிலும் வெளிநாடுகளிலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் அந்த மருத்துவத்தின் மூல நூல்களைப் புரட்டிப் பார்ப்பவர், புலால் வகைகளுக்கு அவற்றில் அளிக்கப்பட்டிருக்கும் இடத்தைக் கண்டு திகைப்பார். உடலுக்கு எது நன்று என்று ஆராய்ந்த மருத்துவ மரபும், உயிரைக் கொல்வது தகாது என்று உறுதிகொண்ட அறமரபும் முதலில் தனித்தனியாகத்தான் வளர்ந்தன. அவை பல நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று வாதிட்டும் இணங்கியும் வந்து அடுக்களையில் கலந்ததன் விளைவே இன்று காணப்படும் மருத்துவச் சைவச் சமையல் ஆகும்.

கி.பி. முதலிரு நூற்றாண்டுகளை ஒட்டி உருவம் பெற்றதாகவும், பின்னர் திருடபலர் என்பவரால் நிறைவு செய்யப்பட்டதாகவும் கருதப்படும் சரக சம்ஹிதை, அதன் சூத்திரத் தானத்து 27ஆம் அத்தியாயத்தில் உண்பனவற்றையும் பருகுவனவற்றையும் 12 வகுப்புகளாகப் பிரிக்கிறது. அரிசி, கோதுமை முதலிய தானியங்கள் முதல் வகுப்பு, பயறுகள் இரண்டாவது, இறைச்சி மூன்றாவது, கீரையும் காயும் அதன் பின்னரே வருகின்றன. விலங்குகளும் பறவைகளும் வாழும் இடத்தையும் இரை கொள்ளும் முறையையும் கொண்டு இறைச்சி எட்டுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எந்த நோய்க்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உடலைத் தேற்றுவதில் இறைச்சிக்கு நிகரான உணவு வேறில்லை என்பதும் அந்நூலின் கருத்தே. இதை மறைத்துவிட்டு எழுதப்படும் ஆயுர்வேத வரலாறு எதுவும் நேர்மையானதாகாது.

எனினும் அந்நூலின் பெருமை அது பட்டியலிட்ட பண்டங்களில் அடங்கிவிடுவதில்லை. சமைத்தல் என்ற செயலையே மருத்துவமாகப் பார்த்ததில்தான் இருக்கிறது. உண்டதைச் செரிக்கச் செய்யும் ஆற்றலை அக்கினி என்றும், உடலில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் தத்தம் அளவில் நிற்பதே நலம் என்றும், இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்ற ஆறு சுவைகள் அம்மூன்றையும் கூட்டவோ குறைக்கவோ வல்லவை என்றும் அது வகுத்துக்கொண்டது. அதன்மேல், ஓர் உணவின் நன்மை தீமையை முடிவு செய்ய எட்டுச் செய்திகளைக் கருதவேண்டும் என்றது. பொருளின் இயல்பு, அது பக்குவம் செய்யப்பட்ட முறை, எதனோடு சேர்க்கப்பட்டது, எவ்வளவு உண்ணப்பட்டது, எந்த நிலத்தில், எந்தக் காலத்தில், எந்த ஒழுங்கில், யாரால் உண்ணப்பட்டது என்பனவே அவை. செரிக்கக் கடினமான புது நெல்லும் ஓராண்டு கிடந்து பழையதானால் எளிதாகும். அதையே பொரியாக்கினால் இன்னும் எளிதாகும். ஆதலால் பக்குவம் என்பது பொருளின் குணத்தையே மாற்றுவது என்று அந்நூல் கொண்டது. பிற்காலத்தில் இறைச்சியைக் கைவிட்ட சமையற்காரர்களுக்குப் பெருந்துணையாக நின்றது இந்தக் கொள்கைதான்.

இதன் மிகத் தெளிவான உருவம் கஞ்சி. சோற்றுப் பருக்கை இல்லாத தெளிவு மண்டம், சிறிது பருக்கை கலந்தது பேயை, குழைந்து கெட்டியானது விலேபி என்று கஞ்சியின் பதத்தைச் சுசுருத சம்ஹிதை நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிடுகிறது. சரக சம்ஹிதையின் இரண்டாம் அத்தியாயம் 28 வகைக் கஞ்சிகளை எந்தெந்த நோய்க்கு எப்படிக் காய்ச்சுவது என்று சொல்கிறது. திப்பிலி, திப்பிலி மூலம், செவ்வியம், கொடிவேலி, சுக்கு ஆகியவற்றை இட்டுக் காய்ச்சினால் பசித்தீ மூளும். விளாம்பழம், வில்வம், புளியாரை, மோர், மாதுளை ஆகியவற்றோடு சேர்த்துக் காய்ச்சினால் உண்டது செரிப்பதோடு வயிற்றுப்போக்கும் கட்டும். அதே பட்டியலில், நாயுருவி விதையைப் பாலிலும் உடும்பின் இறைச்சிச் சாற்றிலும் வேகவைத்துச் செய்யும் கஞ்சி பசியை அடக்கும் என்ற குறிப்பும் இருக்கிறது. மூலிகைக் கஞ்சியும் இறைச்சிக் கஞ்சியும் அந்த மருத்துவர்களுக்கு ஒரே வரிசையில் நின்றவை.

வாந்தி மருந்தோ பேதி மருந்தோ கொடுத்து உடலைத் தூய்மை செய்த பிறகு, தளர்ந்த அக்கினியைப் படிப்படியாக மீட்பதற்கு ஓர் உணவு முறை வகுக்கப்பட்டிருந்தது. முதலில் நீர்த்த கஞ்சி, பின் குழைந்த கஞ்சி, அடுத்து உப்பும் நெய்யும் இடாத பயற்றுச் சாறு, பின் அவை இட்ட பயற்றுச் சாறு, இறுதியில் இறைச்சிச் சாறு என்று அந்தப் படிகள் ஏறிச் செல்லும். வலுவான சிகிச்சை பெற்றவர் இயல்பான உணவுக்குத் திரும்ப ஏழு நாள் ஆகும். பயறுகளில் பச்சைப்பயறே சிறந்தது என்றும் சரகர் கூறியிருந்தமையால், கடைசிப் படியை ஏற்காத மருத்துவர்கள் அதற்கு முந்தைய படியிலேயே நின்று, பயற்றுச் சாற்றை நெய்யாலும் மிளகாலும் சீரகத்தாலும் செறிவாக்கிக்கொள்ள முடிந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த கிச்சடியும் பொங்கலும் நோயுற்றவர் உணவாக நிலைபெற்றதற்குப் பின்னால் இந்தப் படிவரிசையின் நினைவு இருக்கிறது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அறமரபின் கதை மருத்துவ நூல்களுக்கும் முந்தியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த பெரும்பாறைக் கல்வெட்டுகளில் முதலாவது, அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் நிகழ்ந்த பெருங்கொலை இரண்டு மயில்களும் ஒரு மானுமாகக் குறைக்கப்பட்டதையும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்பதையும் அறிவிக்கிறது. அடுத்த கல்வெட்டு, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகள் வரையிலும் மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதையும் மூலிகைகள் நடப்பட்டதையும் கூறுகிறது. கொல்லாமையும் மருத்துவமும் ஒரே அரசனின் கவலையாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் ஒன்றற்கு மற்றது காரணமாகக் காட்டப்படவில்லை. திருக்குறளிலும் இதே நிலையைக் காணலாம். புலால் மறுத்தல் அறத்துப்பாலில் துறவறத்தின் பகுதியாக வருகிறது. மருந்து என்ற அதிகாரமோ பொருட்பாலில் இருக்கிறது. முன்னது அருளைக் காரணமாகக் காட்டிப் புலாலை விலக்குகிறது. பின்னது பசித்து உண்பதையும் அளவறிந்து உண்பதையும் பற்றிப் பத்துக் குறள்களில் பேசியும் இறைச்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடல்நலத்தைக் காட்டிப் புலால் மறுப்புக்கு வலுச்சேர்க்க வேண்டிய தேவை வள்ளுவருக்கு இருக்கவில்லை.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒன்றாக்க முயன்றவர்களுள் தலையாயவர், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண மருத்துவர் உக்கிராதித்தர். அவர் வடமொழியில் இயற்றிய கல்யாணகாரகம், ஆயுர்வேதத்தின் கட்டமைப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டு, புலாலும் கள்ளும் இல்லாமலே சிகிச்சைகளை வகுத்துத் தருகிறது. நன்மை தீமை பற்றிய அதன் பிற்சேர்க்கை, இராஷ்டிரகூட அரசன் நிருபதுங்க அமோகவர்ஷனின் அவையில் மருத்துவர்கள் முன்னிலையில் இறைச்சியின் பயனின்மையை நிறுவுவதற்காக நிகழ்த்தப்பட்ட உரை என்று அந்நூலே கூறுகிறது. புலாலை விலக்கும் மருத்துவம் குறைபட்ட மருத்துவமாகிவிடாது என்பதை அருளின் பெயரால் அன்றி மருத்துவத்தின் மொழியிலேயே வாதிட்டதுதான் உக்கிராதித்தரின் தனிச்சிறப்பு. இன்றைய ஆயுர்வேதச் சைவச் சமையலுக்கு ஒரு முன்னோடியைத் தேடுபவர்கள் சரகரிடம் செல்வதைவிட இவரிடம் செல்வதே முறை. சமண மரபுக்கு வெளியே அவர் பெயர் அரிதாகவே நினைக்கப்படுவது பெருங்குறை.

இரு மரபுகளும் உரசிக்கொண்ட இடங்களுள் பூண்டு குறிப்பிடத்தக்கது. 1890ஆம் ஆண்டில் நடு ஆசியாவின் குச்சா அருகே கண்டெடுக்கப்பட்ட பவர் சுவடியின் முதற்பகுதி, பூண்டின் மருத்துவச் சிறப்பைப் பாடுவதாகவே அமைந்துள்ளது. பூண்டு அசுரனின் குருதியில் பிறந்தது என்பதால் அந்தணர் உண்ணலாகாது என்று கூறும் அதே நூல், அவர்களுக்கும் நோய் தீரவேண்டுமே என்று ஒரு வழியையும் காட்டுகிறது. பசுவுக்கு மூன்று இரவுகள் பெரும்பாலும் புல் கொடாமல் வைத்திருந்து, பின்னர் இரண்டு பங்கு புல்லும் ஒரு பங்கு பூண்டுத் தண்டும் கலந்து தின்னக் கொடுத்து, அதன் பாலையும் தயிரையும் நெய்யையும் அந்தணர் உண்ணலாம் என்பது அந்த வழி. ஆசாரமும் காக்கப்பட்டது, மருந்தும் உள்ளே சென்றது. இந்த இணக்கப் போக்கே மருத்துவச் சமையலின் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

சமையல் நூல்கள் பெருகிய காலத்தில் இந்தக் கலப்பு இன்னும் இறுகியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் மங்கரசர் கன்னடத்தில் ஷட்பதி யாப்பில் இயற்றிய சூபசாத்திரம் முழுவதும் சைவ உணவு பற்றியது. அதே நூற்றாண்டில் சேமசர்மர் எழுதிய சேமகுதூகலம் புலாலையும் உள்ளடக்கி, பண்டங்களின் குணத்தைக் கூறிச் சமையலையும் கற்பித்தது. தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சை மராத்திய அரசி தீபாபாயின் ஆதரவில் இரகுநாதர் தொகுத்த போஜனகுதூகலம். நெல்லின் வகை, பயறு, காய், பால் படுபொருள் ஆகியவற்றின் குணங்களை மருத்துவ நூல்களிலிருந்தும், உண்ணும் ஒழுக்கத்தைத் தருமசாத்திரங்களிலிருந்தும் திரட்டி அவர் ஒரே நூலில் வைத்தார். மருத்துவர் சொன்னதும் ஆசாரம் சொன்னதும் வேறுவேறு என்ற உணர்வு தஞ்சையின் படித்த குடும்பங்களில் மெல்ல மங்கியது எப்படி என்பதற்கு இந்நூல் நல்ல சான்று.

ஏட்டில் இருந்ததைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது வீட்டு அடுக்களைதான். சித்த மருத்துவத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் பொதுவான பத்தியம், அதாவது மருந்துண்ணும் காலத்தில் கொள்ள வேண்டியதையும் தள்ள வேண்டியதையும் வரையறுக்கும் உணவு ஒழுங்கு, தமிழ்ச் சைவக் குடும்பங்களில் பிள்ளை பெற்ற பெண்ணின் இலையில் இன்றும் முழு வடிவில் காணக்கிடைக்கிறது. சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், உலர்ந்த வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், கொத்தமல்லி, கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து உப்புச் சேர்த்து இடித்த அங்காயப் பொடியை, முதற்பிடிச் சூடான சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து உண்பார்கள். கைப்பும் கார்ப்பும் முன்னே சென்று பசியைத் தூண்டுகின்றன. நெய் வாதத்தை அடக்குகிறது. புளி குறைந்த மிளகு ரசமும் மோரும் பின்தொடர்கின்றன. பத்தியச் சமையலில் மிளகாய்க்கு இடமில்லை என்பதும் கருதத்தக்கது. போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மிளகாய் அன்றாடச் சமையலை முற்றாக வென்றுவிட்டது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அதன் பின்னே வந்து சேர்ந்தன. பத்தியச் சமையல் மட்டும் இவற்றுக்குக் கதவைத் திறக்காமல், மிளகும் சுக்கும் திப்பிலியுமே காரம் தந்த பழைய சுவையைக் கைவிடாமல் வைத்திருக்கிறது.

புலால் உண்ணும் குடும்பங்கள் மூல நூல்களின் மறுபாதியைக் காத்தன. பால் சுரக்கச் சுறாப்புட்டும், உடல் தேற மிளகிட்ட நாட்டுக்கோழிச் சாறும், யாழ்ப்பாணத்தில் மல்லியும் மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்துச் சேர்த்த சரக்குக்கறியும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கப்பட்டன. சரக்கு ஒன்றே, அதில் வேகும் பொருள்தான் வேறு. கேரளத்தில் கர்க்கடக மாதத்து மழையில், அதாவது நம் ஆடியில், நவரை அரிசியோடு வெந்தயமும் சீரகமும் தேங்காய்ப்பாலும் மூலிகைகளும் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி, மழைக்காலத்தில் அக்கினி தளரும் என்ற பழைய கொள்கையை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. அந்தப் பருவத்துக்குச் சரகர் பழைய தானியத்தையும் பயற்றுச் சாற்றையும் சொன்னதோடு இறைச்சியையும் சொல்லியிருந்தார். கஞ்சிக் கலத்தில் தானியமும் மூலிகையும் நிலைத்தன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சமையல் கடல் கடந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 1984ஆம் ஆண்டில் ஆயுர்வேத நிறுவனம் தொடங்கிய வசந்த் லாட் போன்றோரின் வழியாகக் கிச்சடியும் நெய்யும் மேலை நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. அங்கு அது யோக நெறியோடு இணைந்தபோது, சாத்துவிகம், இராசசம், தாமசம் என்று பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவைப் பகுத்த முறை, வாதம், பித்தம், கபம் என்ற மருத்துவப் பகுப்போடு குழப்பப்பட்டது. முன்னது மனத்தின் தன்மையைப் பற்றியது; பின்னது உடலின் நிலையைப் பற்றியது. வெங்காயமும் பூண்டும் ஆயுர்வேதத்தில் விலக்கப்பட்டவை என்ற கூற்று இந்தக் குழப்பத்தில் பிறந்ததே. அஷ்டாங்க இருதயம் இயற்றிய வாக்படர் பூண்டை வாத நோய்க்கு உயர்ந்த மருந்தாக மதித்தவர்.

பிறந்த தேதியையும் சில கேள்விகளையும் கொண்டு அனைவருக்கும் ஒரே சைவப் பட்டியலை ஆயுர்வேத உணவு என்று அச்சிட்டுத் தருவது இன்று எங்கும் பெருகியிருக்கிறது. உண்பவர் யார், எந்த நிலத்தவர், எந்தப் பருவம், அவரது அக்கினி எந்நிலையில் இருக்கிறது என்று பார்க்காத பட்டியல் சைவமாக இருக்கலாம், சுவையாகவும் இருக்கலாம். சரகர் வகுத்த எட்டுச் செய்திகளை விட்டுவிட்டதால் அது ஆயுர்வேதம் ஆகாது.