"இறங்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை: ஹயர் விமானங்களின் கதை

எங்கட பக்கத்தில் விமானம் என்ற சொல்லுக்கு தலைமுறைக்கு ஒரு அர்த்தம். அம்மா, அப்பாவின் காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓட வேணும். எங்கட காலத்தில் அது கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போற அண்ணனையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போவது. இந்த இரண்டிலும் சேராத இன்னொரு வகை விமானம் இருக்கிறது. அதைப்பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை. அதுதான் ஹயருக்குப் பிடிக்கிற விமானம்.

ஈச்சிலம்பற்றில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நேரசூசிப்படி ஓடுவது பஸ். கல்யாண வீட்டுக்கோ கதிர்காமத்துக்கோ போக நாங்கள் பிடிப்பது ஹயர் வேன். வானத்திலும் அப்படித்தான். 1944இல் சிக்காகோவில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையிலேயே இந்தப் பிரிவு இருக்கிறது. நேரசூசிப் பறப்புக்கு 6ஆம் உறுப்புரை, நேரசூசி இல்லாததற்கு 5ஆம் உறுப்புரை. சார்ட்டர் என்று சொல்லப்படும் வாடகை விமானம் இந்த இரண்டாவது வகை. பணக்காரர் பிடிக்கும் சின்ன ஜெட்டும், நூற்றுக்கணக்கான ஏழை யாத்திரிகர்களுக்காகப் பிடிக்கும் பெரிய ஜெட்டும் இதற்குள்தான் வரும்.

இந்தக் கதையை அமெரிக்காவில் இருந்து தொடங்கத் தேவையில்லை. இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்துகள் இரண்டுமே வாடகைக்கு எடுக்கப்பட்ட விமானங்களுக்குத்தான் நடந்தன. இரண்டும் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றியவை.

முதலாவது 1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் ஓட்டிய டிசி-8 ஜெட் அது. சுராபாயாவில் இருந்து ஜித்தாவுக்குப் போகிற வழியில் கட்டுநாயக்கவில் இறங்க வந்தது. நேரம் இரவு பத்து மணி கடந்திருந்தது. விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 40 கடல் மைல் முன்னாலேயே, மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் இருக்கும் ஏழு கன்னிமலையில் மோதியது. யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். 191 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

என்ன நடந்தது? தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துவிட்டார்கள். விமானத்தில் இருந்த டொப்ளர் கருவியும் வானிலை ராடாரும் காட்டியதை நம்பி, விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். விசாரணை அறிக்கையும் இதைத்தான் சொன்னது. இருட்டில் மலை தெரியாது. அந்த இடத்தில் இந்த உயரத்துக்குக் கீழே போகாதே என்று தாளில் எழுதியிருக்கும் ஒரு எண்தான் இருட்டில் விமானிக்குக் கண்.

இரண்டாவது 1978 நவம்பர் 15. இந்த முறை ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்றின் டிசி-8. அதையும் கருடாதான் வாடகைக்கு எடுத்திருந்தது. ஹஜ் முடித்தவர்களை ஜித்தாவில் இருந்து சுராபாயாவுக்குத் திருப்பிக் கொண்டுபோன பயணம். எரிபொருள் நிரப்பவும் விமானிகள் மாறவும் கட்டுநாயக்கவில் நிற்க வேணும். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னர், ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்னாலேயே தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்த 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். 79 பேர் பிழைத்தார்கள்.

இந்த விபத்தில் இரண்டு நாடுகளும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. இலங்கை விசாரணை விமானிகளின் பக்கம் விரலை நீட்டியது. உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவிகளை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை, துணை விமானி சொல்ல வேண்டிய உயர அறிவிப்புகளைச் சொல்லவில்லை, ஓடுபாதை தெரியாத நிலையில் தலைமை விமானி உரிய உயரத்திலேயே விமானத்தைத் திரும்ப மேலே எழுப்பவில்லை என்றது. ஐஸ்லாந்துத் தரப்போ தரையில் இருந்த வழிகாட்டிக் கருவியின் பராமரிப்பையும், ராடார் கட்டுப்பாட்டாளர் கொடுத்த தகவலையும், காற்றின் திடீர் மாற்றத்தையும் காரணம் காட்டியது. யார் சொன்னது முழுக்கச் சரி என்று தீர்ப்புச் சொல்ல எங்களால் ஏலாது. ஆனால் ஒன்று விளங்குது. தரையில் இருக்கும் கருவி பிழைத்தாலும் காற்று பிழைத்தாலும் உயிரைக் காக்கக்கூடிய கடைசி வேலி ஒரு எண். அந்த உயரம் வரை வா, ஓடுபாதை தெரியவில்லையா, உடனே மேலே போ.

உலகத்துக்கும் இந்தப் பாடம் அதே கிழமையில்தான் உறைத்தது. ஏழு கன்னிமலை விபத்துக்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு பயணிகள் விமானம் இதே போல மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நிலம் கிட்ட வருகிறது என்று விமானிக்குச் சத்தம் போட்டுச் சொல்லும் எச்சரிக்கைக் கருவியை பெரிய விமானங்களில் அமெரிக்கா கட்டாயமாக்கியது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரி ஏறுவதற்கு முன்னர் மலையடிவாரத்தில் மனிதர்கள் புதைக்கப்படுகிறார்கள்.

இப்போது விதிகள் எப்படி இருக்கின்றன? அமெரிக்க விதித்தொகுப்பில் வாடகை விமானங்களுக்கு 135ஆம் பகுதி. அதன்படி நேரசூசி இல்லாத பறப்பில் இரண்டு விமானிகள் இருந்தால் பொதுவாக 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலம்தான் பறக்கலாம். ஒருவர் மட்டும் என்றால் 8. மூன்று மாதக் காலாண்டில் 500, வருடத்தில் 1,400. இறங்கும் இடத்தின் வானிலை குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்று அறிக்கை வந்தால், கருவிகளை நம்பி இறங்கும் முயற்சியைத் தொடங்கவே கூடாது. அதே ஜெட்டை சொந்தக்காரர் தன் சொந்தப் பயணத்துக்கு ஓட்டினால் விதி வேறு, 91ஆம் பகுதி. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப அவருக்கு இடமுண்டு. விமானமும் மலையும் மழையும் ஒன்றுதான். காசு கொடுத்து ஏறியவர் உள்ளே இருக்கிறார் என்பதால் வேலி கொஞ்சம் உயர்கிறது.

ஏன் உயர வேணும்? 2001 மார்ச் 29 இதற்குப் பதில் சொல்லும். லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்து கொலராடோவின் அஸ்பென் என்ற மலை ஊருக்கு ஒரு வாடகை ஜெட் போனது. பயணிகள் பிந்தி வந்ததால் புறப்படவும் பிந்தியது. அந்த விமான நிலையத்தில் இரவில் இறங்கக் கட்டுப்பாடு இருந்தது. வேறு இடத்தில் இறங்க வேண்டி வரலாம் என்ற பேச்சு வந்தபோது விமானத்தைப் பிடித்தவருக்கு அது பிடிக்கவில்லை. பயணிகளில் ஒருவர் விமானிகளின் அறையிலேயே வந்து இருந்தார். ஓடுபாதை தெரியாமலே விமானம் கீழே போனது. 18 பேரும் இறந்தார்கள். விமானிக்கு வாடிக்கையாளர் கொடுத்த அழுத்தத்தையும் காரணங்களில் ஒன்றாக விசாரணை அறிக்கை எழுதி வைத்திருக்கிறது.

இங்கேதான் விதியின் உண்மையான வேலை இருக்கிறது. விமானம் பறக்கும்போது கடைசி முடிவு தலைமை விமானியுடையது என்று சர்வதேச விதி சொல்கிறது. ஆனால் காசு கொடுத்தவர் பின்னால் இருக்கும்போது "எனக்குப் பயமா இருக்கு, இறங்க மாட்டேன்" என்று சொல்வது கஷ்டம். "விதி விடாது ஐயா" என்று சொல்வது லேசு. விதியை நாங்கள் விமானியைக் கட்டும் கயிறு என்று நினைக்கிறோம். அவர் பிடித்துக்கொள்ளும் கயிறும் அதுதான்.

எங்கட ஊரில் இந்தக் கயிறு யாருக்கு இருக்கு? பகல் முழுக்க ஓடிவிட்டு இரவில் கட்டுநாயக்கவுக்கு எயார்போட் ஹயர் போற வேன் சாரதியை யோசித்துப் பாருங்கள். அவருக்கு 8 மணித்தியாலம், 10 மணித்தியாலம் என்று எண்ணிப் பார்க்கிற ஆள் யார்? நித்திரை வருது, கொஞ்சம் நிப்பாட்டுவம் என்று அவர் சொன்னால், "பிளேன் போயிரும் தம்பி, ஓட்டு" என்று சொல்வது நாங்கள்தானே? 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை இழந்தது எங்கட மாவட்டம். எத்தனை பேர் ஏறலாம் என்பதும் ஒரு வரம்புதான்.

மூதூர், தோப்பூரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ஊரே கூடி வழியனுப்பும். சுராபாயாவிலும் 1974இல் அப்படித்தான் வழியனுப்பியிருப்பார்கள். அந்த 182 பேருக்கும் எந்த உயரம் பாதுகாப்பானது என்று தெரிந்திருக்க நியாயம் இல்லை, தெரிந்திருக்கத் தேவையும் இல்லை. அதைத் தெரிந்துவைத்து, தேவையான நேரத்தில் முடியாது என்று சொல்லத்தான் விமானி. அடுத்த தடவை ஹயர் வேனில் சாரதி வண்டியை ஓரம்கட்டினால், ஏன் என்று கேட்காமல் நாங்களும் இறங்கி ஒரு பிளேன்டீ குடிப்பம்.