தேர்ச்சி ஒரு சலுகையா? தாழப் பறக்கும் விதிமீறலும் தண்டனையும்

தாழப் பறந்த தேர்ந்த விமானி மீது நடவடிக்கை வரும்போதெல்லாம் ஒரு வாதம் எழுகிறது: அவர் கைத்திறனுக்கு அது ஆபத்தே இல்லை. அமெரிக்க விதிப்படி, நெருக்கமான குடியிருப்புகளுக்கு மேல் பறக்கையில் அருகிலுள்ள மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும். ஆளரவம் குறைந்த இடத்தில் ஆள், வாகனம், கட்டடம் எதையும் 500 அடிக்குள் நெருங்கக் கூடாது. விமானி எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவர் என்று விதி கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. எஞ்சின் நின்றாலோ பறவை மோதினாலோ கீழே இருப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் உயரத்தைப் பொறுத்தது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: தேர்ச்சி தண்டனையைக் குறைக்கும் காரணமல்ல, முன்கூட்டியே நடவடிக்கை எடுப்பதற்கான காரணம்.

வாஷிங்டன் மாநிலத்து ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளத்தில் 1994 ஜூன் 24 அன்று நடந்தது இதற்குச் சான்று. லெப்டினன்ட் கர்னல் ஆர்தர் ஹாலண்ட் 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். போதாக்குறைக்கு, மற்ற விமானிகளின் தரத்தை மதிப்பிடும் பிரிவுக்கே தலைவர். 1991 முதல் விமானக் காட்சிகளில் அவர் வரம்பு மீறியபோதெல்லாம் நடவடிக்கை வாய்மொழிக் கண்டிப்பைத் தாண்டவில்லை. 1994 மார்ச்சில் 500 அடி வரம்பிருந்த இடத்தில் ஒரு மலைமுகட்டை ஏறத்தாழ 30 அடி உயரத்தில் கடந்தார். அவரை விலக்கும்படி படைப்பிரிவுத் தலைவர் மார்க் மெகீஹன் கேட்டும் மேலதிகாரி மறுத்துவிட்டார். தன் ஆட்களை அவரோடு அனுப்ப மனமில்லாத மெகீஹன், துணை விமானியாகத் தானே உட்கார்ந்தார். விமானக் காட்சிக்கான கடைசிப் பயிற்சியில் பி-52 குண்டுவீச்சு விமானம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஏறக்குறைய 250 அடியில் சுற்றியது. உயரம் குறையாமல் திரும்பும் விமானம் 60 பாகை சாய்ந்தாலே, இறக்கைகள் தாங்குதிறன் இழக்கும் வேகம் 41 விழுக்காடு கூடிவிடும். அந்த விமானமோ 90 பாகையையும் தாண்டிச் சாய்ந்தது. விமானம் விழுந்து அதிலிருந்த நால்வரும் இறந்தனர். இந்தச் சாய்வுக் கணக்கு ஹாலண்டுக்குத் தெரியாததல்ல. மூன்றாண்டுகளாக ஒவ்வொரு மீறலும் திறமைக்குச் சான்றாக எண்ணப்பட்டதே கேடு. இளைய விமானிகள் சிலர் அவரைப் பார்த்து அதே வித்தைகளுக்கு முயன்றார்கள்.

யாருக்கும் காயமில்லையே, பிறகு ஏன் தண்டனை என்பது அடுத்த கேள்வி. 2008இல் கத்தே பசிபிக் விமான நிறுவனத்தின் மூத்த விமானி ஒருவர், புதிய போயிங் 777 ஒன்றைச் சக்கரங்களை இறக்காமலே அமெரிக்காவின் எவரெட் ஓடுதளத்துக்கு மேல் சுமார் 30 அடியில் செலுத்திக் காட்டினார்; வேலை போனது. கடுமைதான். ஆனால் விமானக் காட்சிகளில்கூட முன்அனுமதி பெற்றே தாழப் பறக்கிறார்கள். அனுமதி கேட்கத் தெரியாதவரல்ல அவர்.

கடுமை மறைக்கத் தூண்டும் என்ற மறுப்புக்கு வலு அதிகம். 1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசே அருகே தாழப் பறந்த அமெரிக்க மரைன் படையின் போர் விமானம் கம்பிவட வண்டியின் வடத்தை அறுத்து 20 பேர் மாண்டனர். வரைபடத்தில் வடம் குறிக்கப்படவில்லை என்றது விமானியின் தரப்பு. விமானி, உள்நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். பறப்பின்போது எடுத்த வீடியோ நாடாவை அழித்ததில் பங்குகொண்டதற்காகத்தான் அவர் பணிநீக்கமும் சிறையும் பெற்றார். தெரியாமல் நேர்ந்த பிழையை ஒப்புக்கொள்பவரைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் முதல் மீறலுக்குச் சில மாத உரிம இடைநீக்கம் என்றிருந்தால் மறைப்பதற்கு அதிகம் இராது; முதல் விசாரணையே சாவுக்குப் பின் வருமென்றால் நாடா நெருப்புக்குத்தான் போகும்.