ஊர்ப்பொருள் காத்த வாரியங்கள்

குளம் தொட்டு வளம் பெருக்குதலும், கோயில் எடுத்து விழா நடத்துதலும், வழிச்செல்வோர்க்குச் சத்திரம் அமைத்தலும் நம் நாட்டார் தொன்றுதொட்டுப் போற்றிவரும் அறங்களாம். இவற்றிற்குப் பொருள் வழங்குவோர் எக்காலத்தும் நம்மிடை இருந்து வந்திருக்கின்றனர். வழங்கிய பொருளைக் குறைவுபடாமற் காத்து, செய்த அறத்தை ஆண்டுதோறும் பழுதுபார்த்து வருவோரோ மிகச் சிலர். தேரோட்டத்தன்று வடம் பிடிக்கத் திரளும் கூட்டம், அத்தேர்க்குக் கூரை வேயும் நாளில் வருவதில்லை. ஊர்ப்பொருளை யார் கையில் ஒப்புவிப்பது, அவர் தவறாமல் இருக்க என்ன கட்டுப்பாடு செய்வது, கணக்கை யார் கேட்பது என்னும் வினாக்கள் நமக்கு மட்டும் உரியனவல்ல. அவை மிகப் பழையவை. அவற்றிற்கு நம் முன்னோர் கல்லில் வெட்டிவைத்த விடைகளை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் நம் வீரகேரளம்புதூர்க்கு அண்மையிலுள்ள தென்காசியை நோக்குவோம். அங்குள்ள விசுவநாதர் திருக்கோயிலை அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் எடுக்கத் தொடங்கினான். அம்மன்னன் பாடல்களாகக் கல்லில் வெட்டுவித்துள்ள வேண்டுகோள் கற்போர் நெஞ்சை உருக்குவதாகும். இத்திருப்பணியில் பின்னாளில் யாதேனும் குறை நேருமாயின், அதனைச் சீர்செய்து காப்போர் எவராயினும் அவர்தம் அடிகளைத் தான் வணங்குவதாக அவன் கூறியிருக்கின்றான். முடி தாங்கிய தலையொன்று, இன்னும் பிறவாத மக்கள்முன் தாழ்ந்து நிற்கும் காட்சி இது. ஆயினும் நேர்ந்தது யாது? கோபுரம் சிதைந்து நெடுங்காலம் முடியிழந்து நின்றது. பின்னரே ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுப்பப்பெற்று 1990-ல் குடமுழுக்குக் கண்டது. அரசன் பாதுகாப்பின் அருமையை அறிந்திருந்தான். அதனைப் பின்வருவோர் நல்லுள்ளத்திடம் ஒப்புவித்தான். நல்லுள்ளம் ஒரு தலைமுறையில் இருக்கும். மறு தலைமுறையில் உறங்கும். அது உறங்கும் காலத்தும் வேலை நடைபெறவேண்டுமாயின், வேண்டுகோளுடன் முறையும் வேண்டும்.

அம்முறையை வகுத்தவர்கள் பராக்கிரம பாண்டியனுக்கு அறுநூறு ஆண்டுகள் முன்னரே நம் பக்கத்தில் இருந்தனர். திருநெல்வேலியினின்று சங்கரன்கோயில் செல்லும் வழியில் மானூர் என்னும் ஊர் உளது. அவ்வூர்க் கோயிற் கல்வெட்டொன்று, மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனது முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டில், சற்றேறக்குறைய கி.பி. 800-ல், வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டது. அக்காலத்தில் அவ்வூர் களக்குடி நாட்டு மானநிலைநல்லூர் எனப் பெயர் பெற்றிருந்தது. ஊர்ச்சபையார் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகள் அதிற் காணப்படுகின்றன. நல்லொழுக்கமும் உரிய கல்வியும் உடையாரே சபையில் அமரலாம். ஒரு பங்கிற்கு ஒருவரே வரலாம். முழு உறுப்பினர் அல்லாதார் எந்த வாரியத்திலும் இடம்பெறலாகாது என்பன அவை. இவற்றினும் சுவையான விதி ஒன்றுண்டு. சபையில் எக்காரியத்தை எடுத்தாலும் ‘அன்று, அன்று’ என மறுத்து நடவாமற் செய்வோரும், அவர்க்குத் துணைநிற்போரும், காரியம் ஒன்றிற்கு ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்பதே அது. வீண் மறுப்பால் ஊர்வேலை நின்றுபோவதை ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்பே கண்டு நொந்தவர் அவர் என்பது தெளிவு. இன்று நம் கூட்டங்களில் அமர்ந்திருப்போர்க்கு இதனை விளக்கிக் கூறவேண்டுவதில்லை.

மானூரில் முளைத்த இவ்விதை, சோழநாட்டாட்சியில் உத்திரமேரூரில் மரமாய்ப் பரந்தது. காஞ்சிபுரம் பக்கத்ததாகிய அவ்வூரில், முதற் பராந்தக சோழனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் வெட்டப்பெற்ற இரு சாசனங்கள் உலகப் புகழ் பெற்றவை. கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை அச்சிட்டு வெளிப்படுத்தினார். குடவோலை என்றவுடன் பலர் அவற்றைத் தேர்தலுக்கு மட்டும் சான்றாகக் காட்டி நின்றுவிடுகின்றனர். ஊர்ப்பொருளைக் காக்கும் திறமே அவற்றின் உயிர்நிலை என்பது எம் கருத்து.

அவ்வூரின் உயிர் வயிரமேகத் தடாகம் என்னும் பல்லவர் காலத்துப் பேரேரி. ஏரிக்கு எதிரி வண்டல். ஆண்டுதோறும் நீரோடு வரும் வண்டலை வாரிக் கரையிலிடாவிடின், ஏரி மேடாகி நீர்கொள்ளாது போம். இவ்வேலைக்கு ஒரு முறை திரட்டும் பொருள் போதாது. ஆண்டுதோறும் வரும் வருவாய் வேண்டும். ஆதலின் அறவோர் பொன்னையோ நெல்லையோ சபையாரிடம் முதலாக வைப்பர். முதல் என்றும் அழியாது நிற்க, அதன் பலிசையாகிய வட்டி மட்டும் குழிகுத்தவும் கரை உயர்த்தவும் செலவாகும். இவ்வழக்கம் அக்காலத்துத் தமிழகமெங்கும் பரவியிருந்தது. முதலைத் தொடாமை என்னும் இவ்வொழுக்கமே அறங்கள் பல நூற்றாண்டு நிலைத்தமைக்குக் காரணம்.

இனி, அப்பொருளை ஆண்டவர் யாவர் என்பதைக் காண்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்திலிடுவர். சிறியோரும் பெரியோரும் நிறைந்த பேரவையில், முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திக் காட்டுவர். ஒன்றும் அறியாச் சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியக் கையை நீட்டி அதனை வாங்கிப் படிப்பான். அங்குள்ள நம்பிமாரும் அப்பெயரை உரக்கப் படிப்பர். கையினுள் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாதென்பதே விரல் விரித்தலின் கருத்து.

இங்ஙனம் தெரிந்தோருள், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரும் கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தாருமாகிய பன்னிருவர் சம்வற்சர வாரியம் ஆவர். வேறு பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆவர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் உண்டு. சிறு பொறுப்பிற் பழகியவரே பெரும் பொறுப்பிற்கு ஏறுதலை நோக்குக. பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள். அது முடிந்தவுடன் விலகுதல் வேண்டும்; மூன்று ஆண்டு கழியாமல் மீண்டும் வருதல் இயலாது. இடையிற் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கப்படுவர்.

கணக்கைப் பற்றிய விதியே யாவற்றினும் கூர்மையானது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தார் பெயர் குடத்திற் புகாது. அவர் பெயர் மட்டுமன்று. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன், சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள் எனச் சுற்றம் முழுதும் விலக்கப்பட்டது. இஃது என்ன கொடுமை எனச் சிலர் எண்ணலாம். ஊர்நிலையை அறிந்தோர் அங்ஙனம் எண்ணார். கணக்குக் காட்டாதவனைத் தட்டிக்கேட்க அயலார் கூசுவர். அவன் பகை வேண்டாமென ஒதுங்குவர். அவன் மாமனும் மைத்துனனும் கூசமாட்டார். தம் வாய்ப்பும் கெடுவதால் அவர்களே அவன் வாயிலில் நின்று கணக்கை வாங்கித் தருவர். உறவினர் ஒருவரையொருவர் மறைத்துக் காத்தலே பொதுப்பொருட்கு இடர். அவ்வுறவையே பொதுப்பொருட்குக் காவலாக மாற்றிவிட்ட நுட்பத்தை என்னென்பது! கணக்கெழுதுவானுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள்முன் காட்டித் தூயன் எனப் பெயர் பெற்றபின்னரே அவன் மீண்டும் கணக்கில் புகலாம். அவனுக்காக வேறொருவன் வந்து முடித்துக் கொடுத்தல் ஆகாது.

இத்துணைச் சிறப்பும் கூறிய நாம் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. மானூரும் உத்திரமேரூரும் பிரமதேயங்கள். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்திற்கு மேல் எழுபதிற்குட்பட்ட வயதும், வேதக்கல்வியும் உடையார்க்கே குடத்தில் ஓலை உண்டு. வேதத்திற் சிறந்தார்க்கு நிலவளவு மட்டும் அரைக்கால் வேலியாகக் குறைக்கப்பட்டது. ஏரியில் இறங்கி வண்டல் வாரியவனுக்கும், அந்நீரால் நாற்று நட்ட பெண்ணுக்கும் அவ்வாயில் திறக்கவில்லை. ஏரி எல்லார்க்கும் உரியதாயிருக்க, ஏரியின் கணக்கு சிலர்க்கே உரியதாயிருந்தது. ஒரு மரபினர்க்கென அமைந்த சங்கத்தின் ஏட்டில் எழுதுகின்ற நாம் இதனை மேலும் கவனித்தல் வேண்டும். முன்னோர் விதியின் கூர்மையைக் கொள்வோம். வாயிலின் குறுக்கத்தைக் கொள்ளோம்.

பிற்காலத்தில் இச்சபைகள் தேய்ந்தன. நம் பகுதி பாளையங்கள் வசப்பட்டுப் பின் ஜமீன்களாயிற்று. நம் வீரகேரளம்புதூர் ஊற்றுமலை ஜமீனின் தலைமையிடமாய் விளங்கியது. காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை (1865–1891) ஆதரித்த இருதாலய மருதப்பத் தேவரின் புகழ் தமிழறிந்தார் யாவரும் அறிந்தது. கொடையுள்ளம் படைத்த தலைவர் உள்ளவரை அறம் தழைக்கும். அது தலைவர் ஒருவரைச் சார்ந்த தழைப்பு. குளக்கரையைப் பேண, குடிகள் தாமே கூடி உழைக்கும் குடிமராமத்து ஊர்தோறும் இருந்தது. அது தளர்வதைக் கண்ட ஆங்கில அரசினர் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றினர். ஊரார் தம் குளமெனக் கருதிச் செய்த வேலை, அரசின் ஆணைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. குளங்களும் பொது நிலங்களும் அரசைச் சேர்ந்தன. உழவர்க்கு அச்சட்டத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், ‘குளம் அரசினுடையது’ என்ற எண்ணம் வேரூன்ற, ‘குளம் நம்முடையது’ என்ற எண்ணம் வாடலாயிற்று.

கோயிற்பொருளின் வரலாறும் இதுவே. 1817-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் கும்பினியார் அறக்கட்டளைகளின் மேற்பார்வையை ஏற்றனர். 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை உள்ளூர்க் கமிட்டிகளிடம் ஒப்புவித்தனர். அக்கமிட்டியினர்க்குப் பதவி வாழ்நாள் முழுதும் உண்டு, நீதிமன்றமே நீக்கலாம். முந்நூற்றறுபது நாளையும் வாழ்நாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்க்கு அம்முறை குறைபட்டதன் காரணம் விளங்கும். பின்னர்ச் சென்னை மாகாணத்தில் 1920-களில் அறநிலைய வாரியமும், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுத் துறையும் ஏற்பட்டன.

உத்திரமேரூர் முறையின் உட்கருத்து இந்நாளிற்கு ஒவ்வுமோ எனின், கடல்கடந்த நாடொன்றைக் காட்டுவோம். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில் ஊர்வளம் காக்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது. ஓர் ஊரார் வாக்களித்து ஏற்றுக்கொண்டால், சொத்துவரியின்மேல் நூற்றுக்கு மூன்று வரை மிகைவரி தண்டித் தனி நிதியாக வைப்பர். மாநில நிதியினின்றும் ஒரு பங்கு வந்து சேரும். திறந்தவெளி நிலம், பழமைச் சின்னங்கள், எளியோர்க்கு வீடு என்னும் மூன்றற்கும் ஆண்டுதோறும் தனித்தனியே பத்தில் ஒரு பங்கேனும் ஒதுக்குதல் வேண்டும். ஐவர் முதல் ஒன்பதின்மர் வரை கொண்ட குழு ஊரார் கருத்தைக் கேட்டுப் பரிந்துரை செய்யும். பொருளை வழங்கும் அதிகாரம் ஊர்ப்பேரவைக்கே உரியது. பேரவை, குழு கூறிய தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்டுதல் இயலாது. ஆராய்வார் கை வேறு, வழங்குவார் கை வேறு. சோழநாட்டு ஏரி வாரியத்தார் இதனைக் கேட்டிருப்பின் புதுமையெனக் கருதியிரார்.

நம் நாட்டிலும் வாயில் இன்று அகலத் திறந்துள்ளது. 1992-ல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராமசபைக்கு உயிரளித்தன. வாக்காளர் யாவரும், ஆணும் பெண்ணும், எம்மரபினரும் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டிற்கு ஆறுமுறை அது கூடுதல் வேண்டும் என்பது ஏற்பாடு. வரவு செலவை அங்கே கேட்கலாம். 2017-ல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பெற்று, உழவர் சங்கங்கள் தம் பங்கினைச் செலுத்திக் குளவேலையை ஏற்றன. பெயர் பழையது, அதற்கு உயிர் தருவது கணக்கே.

அன்பர்காள்! கிராமசபையில் நம்முள் எத்துணைப் பேர் சென்று அமர்கின்றோம்? குளத்திற்கு வந்த தொகை எவ்வளவு, வாரிய வண்டல் எவ்வளவு என வினவியவர் எத்துணைப் பேர்? அயலார் கணக்கைக் கேட்குமுன் நம் கணக்கை நாமே காட்டுதல் நேர்மை. நம் மரபினர் நடத்தும் கல்விநிதி, திருமண மண்டபம், கோயில் திருப்பணி ஆகியவற்றுள் முதலைத் தொடாது வட்டியை மட்டும் செலவிடுக. பொறுப்பாளர் ஆண்டுதோறும் மாறுக. ஒருவர் கணக்கை அவர் உறவினர் தணிக்கை செய்யாதிருக்க. எழுதியவரே எழுந்து நின்று கணக்கைப் படித்துக் காட்டுக. பெண்டிரும் இளைஞரும் அதனைக் கேட்டு வினவுக. கேள்வி கேட்பாரைப் பகைவராகக் கருதற்க. எக்காரியத்தையும் ‘அன்று, அன்று’ என மறுப்பாரை மானூர்ச் சபையாரின் ஐந்து காசை நினைவூட்டி அமர்த்துக.

பராக்கிரம பாண்டியன் அடிவணங்கி வேண்டியது நம்மைத்தான். அவ்வணக்கத்தை ஏற்கும் தகுதி, கணக்கைத் தூயதாக வைத்திருப்பார்க்கே உண்டு.